தச்சருக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை

எங்கள் ஊர்க் காவல் புனிதர் செராப்பியார் திருவிழா அன்று ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. கைக்குழந்தை முதல் கோல் ஊன்றுகிற கிழம் வரை அத்தனை பேரும் சப்பரத்துக்குப் பின்னால் போய்விடுவார்கள். போகாதவர் ஒரே ஒருவர்தான். தச்சர் எவரார்தோ, மரியாதையாகக் கூப்பிட்டால் தோன் எவரார்தோ.

இருபத்திரண்டு வருஷமாக அவருக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பூசைக்கு வருவதில்லை. கோயிலைத் தாண்டும்போது சிலுவை போடுவதில்லை. சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கே கோயில் வாசலில் நின்று தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்த பிறகு சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் சேர்ந்துகொண்ட மனுஷன். முதல் இரண்டு வருஷம் ஊர் மூக்கின்மேல் விரலை வைத்தது. மூன்றாம் வருஷம் யாரோ ஒரு புத்திசாலிக்கு யோசனை உதித்தது. இந்த ஆள் எப்படியும் பவனிக்கு வரப்போவதில்லை, பட்டறை வாசலில் சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போகிறார், வீட்டுச் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனால் என்ன?

அப்படி ஆரம்பித்ததுதான். இப்போது பட்டறைச் சுவரில் ஒரு நீளப் பலகை இருக்கிறது. அதில் நாற்பத்தோரு ஆணி, ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் பென்சிலில் ஒரு பெயர். சாவியோடு விட்டார்களா? ஒருத்தி வந்து, "தோன் எவரார்தோ, அடுப்புல பீன்ஸ் கிடக்கு, அடிப்பிடிக்காம ஒரு எட்டுப் பாத்துக்குங்க" என்பாள். இன்னொருத்தி குஞ்சு பொரிக்கிற கோழியைக் கூடையோடு கொண்டுவந்து வைப்பாள். கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை தன் கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு வருவான். பவனியில் வெடிச்சத்தம் கேட்டால் அந்தக் கிளிக்கு வயிறு கலங்கிவிடுமாம். ஊரிலேயே சாமியை நம்பாத ஒரு மனுஷனிடம் ஊர் தன் சொத்து பத்து எல்லாவற்றையும் நம்பி ஒப்படைத்துவிட்டு சாமியைப் பார்க்கப் போகும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

பாதிரியார் அன்செல்மோ எங்கள் ஊருக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. வந்த புதிதில் காணாமல்போன ஆட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் வைத்தார். வைக்கும்போது பட்டறை இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் திருவிழா. காலையில் அந்த ஆட்டைத் தேடிக்கொண்டு அவரே பட்டறைக்கு வந்தார், தலையைச் சொறிந்தார், "தோன் எவரார்தோ, கோயில் சாமான் அறைச் சாவி... ஒரு ஆணி இருக்குமா?" என்றார். நாற்பத்தோராவது ஆணி அவருடையது.

கடவுளோடு பேச்சு இல்லை என்றாலும் கோயிலுக்குப் பண்ணவேண்டியதை எவரார்தோ பண்ணாமல் இருந்ததில்லை. அதுதான் வேடிக்கை. பவனி போகிற தெருவெல்லாம் வண்ண மரத்தூளில் கம்பளம் போடுவது எங்கள் வழக்கம். மரத்தூளுக்கு வேறு எங்கே போவது? வருஷம் முழுக்கச் சலித்துக் காயவைத்து மூட்டை மூட்டையாக அவர்தான் கொடுப்பார். காசு கேட்டதில்லை. "தூளு பட்டறையில கிடந்தா தும்மல் வருது, அள்ளிட்டுப் போங்க" என்பார். சப்பரம் வாசலைத் தாண்டும்போது எழுந்திருக்கமாட்டார், தொப்பியைக் கழற்றமாட்டார். ஆனால் கத்துவார். "டேய், எடது பக்கம் தூக்குங்கடா! எடது பக்கம்!" அந்தச் சப்பரம் பக்கத்து ஊரில் வாங்கினது. சாமி நிற்கிற பீடத்துக்கு இடதுகால் இரண்டு விரற்கடை குட்டை. செராப்பியார் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போவார். சாமியை மன்னிக்காவிட்டாலும் போகட்டும், இவ்வளவு மோசமான தச்சுவேலையை எப்படி மன்னிப்பது?

அதற்கு முந்தின சப்பரத்தைச் செய்தவர் எவரார்தோதான். செய்துகொண்டிருந்தவர் என்று சொல்லவேண்டும். அது முடியவில்லை.

எழுபத்தாறு பிப்ரவரி. திருவிழாவுக்கு ஆறு வாரம் இருந்தது. தேவதாரு மரத்தில் புதுச் சப்பரம். அன்று சாயங்காலம்தான் மேல்சட்டத்தைப் பசை போட்டு இறுக்கி வைத்திருந்தார். அதை விட்டுப் போக மனசு வராமல் பட்டறையிலேயே படுத்துவிட்டார். பட்டறைக்குத் தகரக் கூரை. வீட்டுக்கு மண்சுவரும் ஓடும். விடிய இன்னும் நேரம் இருக்கும்போது பூமி ஆடியது. முக்கால் நிமிஷம் இருக்குமா? அவ்வளவுதான். வெளிச்சம் வந்தபோது ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை.

மனைவி கொன்ஸ்தான்சா அப்போதே போய்விட்டாள். ஏழு வயது மகள் நீடியா உயிரோடு இருந்தாள். சுவர் ஒன்று கட்டில்மேல் சாய்ந்து நின்றது, அதற்குக் கீழே பிள்ளை. சுவரைத் தொட்டால் முழுசாக இறங்கிவிடும். உதவிக்குக் கூப்பிட ஆளில்லை, ஒவ்வொருத்தரும் தங்கள் தங்கள் இடிபாட்டைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாலை இரண்டு பக்கமும் மலை சரிந்து மூடிவிட்டது. ஒரு சந்து வழியாக எவரார்தோவின் கை உள்ளே போனது. பிள்ளையின் நாலு விரல் அவர் கைக்கு எட்டியது. தண்ணீரைத் துணியில் நனைத்துத் தள்ளினார். மற்றக் கையால் மண்ணைப் பறித்தார். பிள்ளை பயப்படக்கூடாதே என்று ஜெபமாலை சொன்னார்.

ஜெபமாலை ஒருத்தர் சொல்வது இல்லை. முன்பாதியை ஒருத்தர் சொல்லவேண்டும், பின்பாதியை மற்றவர் சொல்லவேண்டும். அப்பா "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்குவார். உள்ளேயிருந்து "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று பதில் வரும். எங்கள் ஊர்ப் பெண்கள் கடைசி வார்த்தையை ஒரு இழு இழுப்பார்கள், "வேண்டிக்கொள்ளு...ம்" என்று. அந்தப் பிள்ளையும் அப்படியே இழுத்தது. ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் பாதிப் பகல். முன்பாதியை அவர் சொல்ல, பின்பாதி உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் அவர் முன்பாதியைச் சொன்னார். பதில் வரவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து மறுபடி சொன்னார். ஏழு தடவை சொன்னார். எட்டாவது தடவை பாதியில் நிறுத்தினார். அன்றைக்கு நிறுத்தினதுதான்.

இதை அவர் ஒரு மனுஷரிடமும் சொல்லவில்லை. பிள்ளை இரண்டு நாள் உயிரோடு இருந்தாள் என்று ஊருக்குத் தெரியும். ஜெபமாலை விஷயம் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் கோயில் இருந்த பக்கம் ஒரே கூச்சல். "புதுமை! அற்புதம்!" என்று கத்தினார்கள். கூரை இறங்கி, கோபுரம் இறங்கி, பலிபீடமே தூளாகிக் கிடந்த இடத்தில் செராப்பியார் சொரூபம் நின்றது நின்றபடி நின்றதாம். மூக்கு நுனிகூடப் பெயரவில்லையாம். எவரார்தோ புழுதி படிந்த முகத்தோடு போய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தன்னை மட்டும் காப்பாத்திக்கிட்டாரு. கெட்டிக்காரர்தான்" என்றார்.

ஒரு பெரியவர், "அப்படிச் சொல்லாதப்பா. அவருக்குச் சப்பரம் செய்யப்போய்த்தான் நீ பட்டறையில படுத்தே, உன்னைக் காப்பாத்தினது அவர்தான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். அதைவிடக் கொடுமையான ஒன்றை அவர் மெனக்கெட்டுத் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

சவப்பெட்டிக்கு ஊரில் பலகை தீர்ந்துவிட்டது. போர்வையில் சுற்றி வரிசையாகப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். எவரார்தோ பட்டறைக்குப் போய், பசை காய்ந்து இறுகியிருந்த சப்பரத்தைச் சட்டம் சட்டமாகப் பிரித்தார். தாயையும் மகளையும் ஒன்றாக வைக்கிற மாதிரி ஒரே பெட்டி செய்தார். செராப்பியாருக்கு வைத்திருந்த தேவதாரு அத்தனையும் அதற்கே போனது. ஊரே பார்த்தது, ஒருத்தரும் தடுக்கவில்லை. மூன்று வருஷம் செராப்பியார் யாரோ வீட்டுக் கதவுப் பலகையில் ஏறிப் பவனி போனார்.

இப்படிப்பட்ட மனுஷனோடு மல்லுக்கு நிற்க ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தைரியம் இருந்தது. பக்கத்து வீட்டு ஒதிலியா. பூகம்பத்துக்குப் பிறகு பக்கம் பக்கமாகக் கட்டின இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நீடியாவுக்கு ஞானத்தாய் அவள்தான், அதனால் அவளுக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு அவள் கொமாத்ரே. பிள்ளையைப் பெற்றவனுக்கும் ஞானத்தாய்க்கும் எங்களிடம் அப்படி ஓர் உறவு. உடன்பிறப்பை விட ஒரு படி மேல், வாயாட ஒரு படி சௌகரியம். ஒதிலியா தொழிலே ஜெபம் சொல்வது. சாவு விழுந்த வீட்டில் ஒன்பது நாளும் ஜெபமாலையை நடத்துவாள். ஊரில் அந்த முன்பாதியைச் சொல்லுகிற குரல் அவளுடையதுதான், மற்ற எல்லாரும் பதில் சொல்லிப் பழகியவர்கள். பணம் வாங்கமாட்டாள். தமாலே, அதுதான் சோளமாவுக் கொழுக்கட்டை, கொடுத்தால் வாங்குவாள், உப்புக் குறைந்திருந்தால் செத்தவர் காதில் விழும்படியே சொல்லிவிடுவாள்.

வருஷா வருஷம் சப்பரம் பட்டறையைத் தாண்டும்போது ஒதிலியா மட்டும் கூட்டத்திலிருந்து விலகி வாசலுக்கு வருவாள்.

"கொம்பாத்ரே, செராப்பியார் உங்களைக் கேட்டாரு."

"வீட்ல இல்லன்னு சொல்லுங்க கொமாத்ரே."

"நாற்காலியில உக்காந்திருக்கிறது அவருக்குத் தெரியுதே."

"அப்ப கண்ணு நல்லாத்தான் தெரியுது. எழுபத்தாறுல ஏதோ கோளாறு இருந்திருக்கும் போல."

"நாக்கு! நாக்கு! அறுத்துப் போடணும் உங்க நாக்கை" என்று திட்டிக்கொண்டே அவர் மடியில் ஒரு தமாலேயைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கூட்டத்தில் சேர்ந்துகொள்வாள். பத்தொன்பது வருஷம் இதே பேச்சு. இரண்டு பேருக்கும் அது இல்லாமல் திருவிழா இல்லை.

இந்த வருஷம் ஒதிலியாவால் வர முடியவில்லை. கார்த்திகைக் குளிரில் படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. இருதயம் களைத்துப்போய்விட்டது, மருந்தால் ஆகிறது எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருவிழா அன்று காலையில் பாதிரியார் வந்து சாகக்கிடக்கிறவர்களுக்கான அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். மகள் நொஹெமி தாயை விட்டு நகரமாட்டேன் என்றாள். அவளுக்குச் சப்பரம் தூக்குகிற நேர்ச்சை.

"போடி. நேர்ந்தது நேர்ந்ததுதான்" என்று ஒதிலியா படுக்கையிலிருந்தே விரட்டினாள். "என்னைப் பாத்துக்கத்தான் கொம்பாத்ரே இருக்காரே. ஊரு சாவியெல்லாம் பாத்துக்கிறவரு ஒரு கிழவியைப் பாத்துக்கமாட்டாரா?"

அப்படியாக அந்த வருஷம் எவரார்தோவின் பொறுப்பில் நாற்பத்தோரு சாவி, மூன்று பீன்ஸ் பானை, ஒரு அடைகோழி, ஒரு கிளி, சாகக்கிடக்கிற ஒரு மனுஷி. பவனி மேட்டுத்தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்ப நாலு மணி ஆகும். அவர் பானைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒதிலியாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பட்டறை வாசலும் தெரியும்.

"சப்பரம் எப்படிப் போச்சு, கொம்பாத்ரே?"

"எப்படிப் போகும், எடது பக்கம் சாஞ்சுதான். உங்க செராப்பியார் குடிச்சிட்டு வீட்டுக்குப் போற ஆள் மாதிரி போறாரு."

"பாத்துப் பேசுங்க. போய்ச் சேந்ததும் நான் முதல்ல அவரைத்தான் பாக்கப்போறேன்."

"பாத்தா ஒண்ணு கேளுங்க. அவ்வளவு பெரிய கோயில் விழுந்தப்போ அந்த மூக்கை எங்க ஒளிச்சு வச்சிருந்தாருன்னு."

ஒதிலியா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிழுப்பாகி, அடங்க வெகுநேரம் ஆனது. அவர் தலையணையை உயர்த்தி வைத்தார். தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தார். உதடு நீலமாக இருந்தது. இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"கொம்பாத்ரே, ஜெபமாலையை எடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"எனக்கு நீளமாச் சொல்ல மூச்சில்லை. முன்பாதியை நீங்க சொல்லுங்க. பின்பாதியை நான் பாத்துக்கிறேன்."

எவரார்தோ ஜெபமாலையைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "நாலு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க. மொத்த ஊரும் சேந்து சொல்லும், பாருங்க."

"நாலு மணிக்கு நான் இருக்கமாட்டேன்."

"ஓடிப்போய்ப் பாதிரியாரைக் கூட்டிட்டு வரேன்."

"உங்க முட்டியை வச்சுக்கிட்டு மேட்டுத்தெரு ஏறவா? நீங்க போய்ச் சேரங்காட்டியும் நான் மேல போய், எடம் பாத்து, உக்காந்தும் இருப்பேன்."

"அப்ப கோயில்பிள்ளை கிளியைக் கொண்டாரேன். அதுக்கு என்னைவிட நல்லாச் சொல்ல வரும்."

"விளையாடாதீங்க." அவள் கண் நனைந்திருந்தது. "இந்த ஊர்ல இருநூறு சாவுக்கு மேல சொல்லியிருக்கேன். பூகம்பத்துல செத்தவங்களுக்கு மட்டும் நாப்பது நாள் சொன்னேன், தொண்டை கட்டிப் பேச்சே போயிடுச்சு. எனக்குச் சொல்ல ஒரு நாதி இல்லையே, கொம்பாத்ரே. நம்ப வேணாம் நீங்க. யாரு நம்பச் சொன்னா? வெறுமனே வாயால சொல்லுங்க."

"கேக்காதீங்க. மத்தது எது வேணும்னாலும் கேளுங்க."

"அவ்வளவு கோபமா அவர்மேல?"

எவரார்தோ தொப்பியை எடுத்து மடியில் வைத்தார். அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாக, சொன்னார். சந்து வழியாகக் கை போனதைச் சொன்னார். நாலு விரலைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல உள்ளேயிருந்து பதில் வந்ததைச் சொன்னார். ஏழு தடவை வராததைச் சொன்னார்.

"கோபம் இருக்கு, இல்லேங்கலை" என்றார். "ஆனா அதுகூட இல்ல கொமாத்ரே. முன்பாதியைச் சொல்லிட்டு, அந்தப் பக்கத்துலேர்ந்து வருதான்னு காத்திட்டு இருக்கணும் பாருங்க, அந்த ஒரு நிமிஷம். அது என்னால ஆகாது. பயமா இருக்கு. அறுபது வயசு ஆம்பளை சொல்றேன், எனக்கு பயமா இருக்கு."

ஒதிலியாவின் கண்ணீர் இரண்டு காதுப் பக்கமும் வழிந்து தலையணையில் இறங்கியது.

"அந்தப் பதிலை அவளுக்குக் கத்துக்கொடுத்தது நான்தான்" என்றாள். "இந்தக் கட்டில்ல உக்கார வச்சு. கடைசில இழுக்கணும்டின்னு சொன்னேன். இழுத்தாளா?"

"இழுத்தா."

"தெரியாமப் போச்சே. வருஷா வருஷம் வாசல்ல வந்து நின்னு உங்களைச் சீண்டினேனே. என் நாக்கை இல்ல அறுத்துப் போட்டிருக்கணும்."

"சும்மா இருங்க. நீங்க வராத வருஷம் எனக்குத் திருவிழாவா? இன்னிக்குப் பாருங்க, தமாலேக்கு வழியில்லாம உக்காந்திருக்கேன்."

"நொஹெமி ஆக்கி வச்சிருக்கா, அடுப்பு மேல பாருங்க. உப்புக் கம்மிதான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "விடுங்க, கொம்பாத்ரே. சொல்லவேணாம். நான் இனி கேக்கமாட்டேன். கைய மட்டும் குடுங்க."

அவர் கையைக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே மேட்டுத்தெருவில் வெடிச்சத்தம் கேட்டது. பட்டறையில் கிளி அலறியது. ஒதிலியா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. அவளே முன்பாதியைத் தொடங்கினாள். "அருள் நிறைந்த மரியே..." என்று வந்து மூச்சு முட்டி நின்றாள். திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். திரும்ப அதே இடத்தில் நின்றாள். மூன்றாவது தடவை "அருள்" என்கிற வார்த்தைகூட முழுசாக வரவில்லை. ஆனாலும் விடுவதாக இல்லை, பிடிவாதக்காரி.

எவரார்தோவால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவள் கையை இறுக்கிப் பிடித்தார், வாயைத் திறந்தார், முன்பாதியை ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்தார். அவ்வளவு வருஷம் ஆகியும் ஒரு வார்த்தை மறக்கவில்லை. முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

பதில் வரவில்லை.

"கொமாத்ரே" என்றார். "கொமாத்ரே! ஒதிலியா!" எழுந்துவிட்டார், நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது.

"கத்தாதீங்க" என்றாள் ஒதிலியா, கண்ணைத் திறக்காமலே. "காது நல்லாத்தான் கேக்குது. மூச்சு வாங்கவேணாமா மனுஷி?"

பிறகு அவள் பதில் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துச் சொன்னாள். கடைசி வார்த்தைக்கு வந்ததும், இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, "வேண்டிக்கொள்ளு...ம்" என்று இழுத்தாள்.

எவரார்தோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகை நின்றதும் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து ஜெபமாலையில் அடுத்த மணியைப் பிடித்தார். அடுத்ததற்கும் பதில் வந்தது. அதற்கடுத்ததற்கும் வந்தது. முதல் பத்து மணியும் முடிந்தது. இரண்டாவது பத்தில் பதில் வர இன்னும் நேரமானது, அவர் அவசரப்படவில்லை. மூன்று பானையிலும் பீன்ஸ் அடிப்பிடித்து நாற்றம் தெருவுக்கு வந்தது, அதற்கும் அவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது பத்தில் ஆறாவது மணிக்கு அவர் முன்பாதியைச் சொன்னார். காத்திருந்தார். அவள் விரல் அவர் விரலுக்குள் இருந்தது. ஜன்னலில் வெயில் ஒரு கை அளவு நகர்ந்தது.

அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பின்பாதியையும் தானே சொன்னார். ஏழாவது மணிக்கு முன்பாதியும் பின்பாதியும் சொன்னார். எட்டாவது மணிக்கும் சொன்னார். அந்த எட்டாவதில் அவர் குரல் ஒருமுறை நின்றது, ஆனால் நடுவில் விடாமல் முடித்தார். பத்தும் ஆனபிறகு ஜெபமாலையை அவள் கையில் சுற்றி வைத்தார்.

நாலு மணிக்கு ஊர் திரும்பியது. நொஹெமி அழுது அடங்கினதும், "அம்மாவுக்கு யாராவது ஜெபம் சொன்னாங்களா?" என்று கேட்டாள். "உங்கம்மா கேட்டாங்க, நான் சொன்னேன்" என்றார் எவரார்தோ. பானை கருகின மூன்று பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்கும் சண்டை போடத் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் செய்தி ஊர் முழுக்கப் பரவி, எவரார்தோ மனம் திரும்பிவிட்டார் என்றும், செராப்பியாரே நேரில் வந்தார் என்றும், போதாததற்குக் கிளியும் சேர்ந்து ஜெபித்தது என்றும் ஆகிவிட்டது. பாதிரியார் அன்செல்மோ சாவியை வாங்க ஓடோடி வந்தார்.

"தோன் எவரார்தோ! அப்ப ஞாயித்துக்கிழமை பூசைக்கு...?"

"வரலை, பாதிரியாரே. எனக்கும் அவருக்கும் இன்னும் தீரலை. இது கொமாத்ரேக்கும் எனக்கும் உள்ள விஷயம்." சாவியைக் கழற்றிக் கொடுத்தார். "நான் வந்துட்டா உங்க சாவியை யாரு பாத்துக்குவா, யோசிச்சீங்களா?"

பாதிரியார் உண்மையிலேயே யோசித்தார்.

அடுத்த நாள் அடக்கம். பெட்டியை எவரார்தோதான் செய்தார். சாயங்காலம் ஒதிலியா வீட்டில் ஒன்பது நாள் ஜெபத்தின் முதல் நாள். தரையில் பைன் இலை தூவி, மெழுகுவர்த்தி வைத்து, ஊரே வந்து உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த பிறகுதான் ஒரு சங்கதி எல்லாருக்கும் உறைத்தது. யார் தொடங்குவது? அத்தனை வருஷமும் ஒதிலியா தொடங்குவாள், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். பதில் மட்டும் தெரிந்த நாற்பது ஐம்பது பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நொஹெமி வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. பாதிரியார் பக்கத்து ஊர்ப் பூசைக்குப் போயிருந்தார்.

எவரார்தோ உள்ளே வரவில்லை. வழக்கம்போல வாசல் நிலையில் சாய்ந்து நின்று தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. அவர் தொப்பி சுழல்வது நின்றது.

"அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

எல்லாத் தலையும் திரும்பியது. அவர் யாரையும் பார்க்கவில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். முன்பாதியை முழுசாகச் சொல்லி முடித்தார். முடித்துவிட்டு நிலைக்கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக வீடு முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்பிள்ளைகள் கடைசி வார்த்தையை, ஒதிலியா கற்றுக்கொடுத்தபடியே, எல்லாரும் முடித்த பிறகும் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது அடங்குகிற வரைக்கும் அவர் காத்திருந்தார், கண்ணைத் திறந்தார், அடுத்ததைத் தொடங்கினார். அன்றைக்கு ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் அவர்தான் நடத்தினார். ஐம்பத்து மூன்றுக்கும் பதில் வந்தது, அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.